தொடக்கநிலை மின்சுற்றுக் கல்வி

தொடக்கநிலை மின்சுற்றுக் கல்வி என்பது, ஏறத்தாழ 8 முதல் 11 அகவை வரையுள்ள மாணவர்களுக்கு, எளிய மின்சுற்றுகளின் வழியாக ஆற்றல் கடத்தலையும் ஆற்றல் மாற்றத்தையும் கற்பிக்கும் அறிவியற் கல்விப் பகுதி ஆகும். ஆற்றல் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செல்வது ஆற்றல் கடத்தல் எனப்படும். அது ஒரு வடிவிலிருந்து வேறொரு வடிவிற்கு மாறுவது ஆற்றல் மாற்றம் எனப்படும். மின்கலம், கம்பி, சிறு மின்குமிழ் (பல்பு), ஆளி (சுவிட்சு), சிறு மோட்டார், மின் ஒலிப்பான் (பசர்) ஆகியவை இக்கல்வியில் பெரிதும் பயன்படும் பொருட்களாகும்.

மின்னோட்டம் கண்ணுக்குத் தெரிவதில்லை. குமிழ் ஒளிர்தல், மோட்டார் சுழலுதல், கம்பி சூடாதல் போன்ற விளைவுகளை மட்டுமே மாணவர் காண்கின்றனர். அவ்விளைவுகளைக் கொண்டு உள்ளே நிகழ்வதை ஊகிக்க வேண்டியிருப்பதால், தொடக்க வகுப்புகளில் கற்பிக்கப்படும் அறிவியற் பகுதிகளுள் இது கடினமான ஒன்றாகக் கருதப்படுகின்றது. மின்னோட்டம் சுற்று முழுவதும் சென்று மின்கலத்திற்குத் திரும்புகின்றது. ஆற்றலோ மின்கலத்திலிருந்து குமிழுக்குச் சென்று அங்கிருந்து சுற்றுப்புறத்திற்கு வெளியேறுகின்றது. இவ்விரண்டும் வேறு வேறு என்பதை உணர்த்துவதே இக்கல்வியின் மையப் பணியாகும்.

அடிப்படைக் கருத்துகள்

மின்கலத்தின் ஒரு முனையிலிருந்து புறப்பட்டு, கடத்திகளின் வழியாகச் சென்று, மறு முனையை அடையும் இடைவெளியற்ற பாதை மூடிய மின்சுற்று ஆகும். பாதை எங்காவது அறுபட்டால் அது திறந்த சுற்று ஆகின்றது. திறந்த சுற்றில் மின்னோட்டம் எவ்விடத்திலும் இராது.

கம்பியில் இயங்கும் இலத்திரன்கள் (எதிர்மின்னிகள்) மின்கலத்தில் உண்டாக்கப்படுவன அல்ல. அவை கம்பியின் உலோகத்தில் முன்னரே உள்ளன. மின்கலம் அவற்றை இயக்குகின்றது. எனவே சுற்று மூடப்பட்டவுடன் எல்லா இடங்களிலும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் மின்னோட்டம் தொடங்குகின்றது. இலத்திரன்களின் நகர்வு வேகமோ மிகக் குறைவானது. 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுடைய செப்புக் கம்பியில் 1 ஆம்பியர் மின்னோட்டம் பாயும்போது, அவை நொடிக்குச் சராசரியாக 0.07 மில்லிமீட்டர் அளவே நகர்கின்றன. ஆளியை அழுத்தியவுடன் குமிழ் ஒளிர்வது, இலத்திரன் அங்கிருந்து ஓடி வருவதால் அன்று.

1.5 வோல்ட்டு என்று குறிக்கப்பட்ட மின்கலம், தன் வழியாகச் செல்லும் ஒவ்வொரு கூலோம் மின்னூட்டத்திற்கும் 1.5 யூல் ஆற்றலை அளிக்கின்றது. 2.5 வோல்ட்டு, 0.3 ஆம்பியர் எனக் குறிக்கப்பட்ட கைவிளக்குக் குமிழ், அம்மின்னழுத்தத்தில் நொடிக்கு 0.75 யூல் ஆற்றலைப் பெற்று அதனை ஒளியாகவும் வெப்பமாகவும் மாற்றுகின்றது. இவ்வளவீடுகள் ஆசிரியரின் பின்புல அறிவிற்கு உரியவை. தொடக்கநிலை மாணவர்க்கு எண் கணிப்பு தேவையில்லை.

ஆற்றல் மாற்றத்திற்குச் சில எடுத்துக்காட்டுகள்:

- மின்கலம்: வேதி ஆற்றல் மின்னாற்றலாக மாறுகின்றது.
- இழைக்குமிழ்: மின்னாற்றல் வெப்பமாகவும் ஒளியாகவும் மாறுகின்றது. இதில் வெப்பமே மிகப் பெரும் பங்கு.
- மோட்டார்: மின்னாற்றல் இயக்க ஆற்றலாக மாறுகின்றது. சிறு பங்கு வெப்பமாகவும் ஒலியாகவும் வெளியேறுகின்றது.
- மின் ஒலிப்பான்: மின்னாற்றல் ஒலியாக மாறுகின்றது.
- கைச்சுழற்றி மின்னாக்கி: இயக்க ஆற்றல் மின்னாற்றலாக மாறுகின்றது.
- சூரிய மின்கலம்: ஒளி ஆற்றல் மின்னாற்றலாக மாறுகின்றது.

மாணவர்களின் முன்கருத்துகள்

மாணவர்கள் வெற்று மனத்துடன் வகுப்பிற்கு வருவதில்லை. வீட்டில் மின்கருவிகளைக் கண்டும் பெரியோர் பேச்சைக் கேட்டும் சில கருத்துகளை முன்னரே உருவாக்கிக் கொள்கின்றனர். நியூசிலாந்தைச் சேர்ந்த ரோசர் ஆசுபோர்ன் 1980களின் தொடக்கத்தில் சிறுவர்களிடம் நடத்திய ஆய்வுகள் இத்துறையில் முன்னோடியானவை. அவற்றின் வழி அறியப்பட்ட நான்கு மாதிரிகள் பின்வருமாறு:

1. ஒருமுனை மாதிரி: மின்கலத்திலிருந்து ஒரு கம்பி வழியாக மின்சாரம் குமிழுக்குச் செல்கின்றது. இரண்டாவது கம்பி தேவையற்றது, அல்லது வெறும் துணைக்கே உள்ளது.
2. மோதும் மின்னோட்ட மாதிரி: இரு முனைகளிலிருந்தும் மின்சாரம் புறப்பட்டுக் குமிழில் மோதுகின்றது. அம்மோதலால் ஒளி உண்டாகின்றது.
3. தேய்வு மாதிரி: மின்னோட்டம் ஒரே திசையில் சுற்றி வருகின்றது. ஆனால் குமிழ் அதில் ஒரு பகுதியைச் செலவழித்து விடுவதால் குறைவான மின்னோட்டமே திரும்புகின்றது.
4. அறிவியல் மாதிரி: மின்னோட்டம் ஒரே திசையில் சுற்றி வருகின்றது. குமிழுக்கு முன்னும் பின்னும் அதன் அளவு ஒன்றே.

முதல் மாதிரியைக் களைவது எளிது. ஒரு கம்பியை மட்டும் இணைத்தால் குமிழ் ஒளிராது என்பதை மாணவரே கண்டுகொள்வர். மூன்றாவது மாதிரி பிடிவாதமானது. 1984 இல் இங்கிலாந்தின் டேவிட் சிப்சுடோன் வெளியிட்ட ஆய்வும், உயர் வகுப்பு மாணவர்களிடமும் இத்தகைய கருத்து நீடிப்பதைக் காட்டியது.

தேய்வு மாதிரி நீடிப்பதற்குத் தக்க காரணம் உண்டு. மின்கலம் நாளடைவில் தீர்ந்துபோவதை மாணவர் அறிவர். ஆகவே ஏதோ ஒன்று செலவாகின்றது என்னும் அவர்களது உள்ளுணர்வு முற்றிலும் தவறன்று. உண்மையில் குறைவது மின்கலத்தில் சேமிக்கப்பட்டிருந்த வேதி ஆற்றலாகும். அதற்கு "மின்னோட்டம்" எனத் தவறான பெயரை இடுவதே பிழை. "நீங்கள் சொல்வது தவறு" என்று மட்டும் கூறும் ஆசிரியர், மாணவரின் சரியான உள்ளுணர்வையும் சேர்த்தே மறுத்துவிடுகின்றார். ஆற்றல் என்னும் கருத்தை அறிமுகப்படுத்தி, செலவாவது எது, சுற்றி வருவது எது எனப் பிரித்துக் காட்டினால் இரு கருத்துகளும் உரிய இடத்தைப் பெறுகின்றன.

இக்குழப்பம் பெரியவர்களிடமும் உண்டு. 1997 இல் ஆர்வர்டு–சிமித்சோனியன் வானியற்பியல் மையம் உருவாக்கிய ஆவணப்படத் தொடர் ஒன்றில், மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் பட்டம் பெற்று வெளிவந்தோரிடம் ஒரு மின்கலம், ஒரு கம்பி, ஒரு குமிழ் ஆகியவற்றைக் கொடுத்துக் குமிழை ஒளிரச் செய்யுமாறு கேட்கப்பட்டது. சிலரால் அதனைச் செய்ய இயலவில்லை.

சொல்வழக்கால் எழும் குழப்பம்

அன்றாட மொழி இக்குழப்பத்தை வளர்க்கின்றது. தமிழ்ப் பேச்சு வழக்கில் "கரண்டு" என்னும் ஒரே சொல் பல பொருள்களில் வழங்குகின்றது. "கரண்டு போய்விட்டது" என்பதில் அது மின்வழங்கலைக் குறிக்கின்றது. "கரண்டு அடித்தது" என்பதில் உடலின் வழியே பாய்ந்த மின்னோட்டத்தைக் குறிக்கின்றது. "இந்த மாதம் கரண்டு அதிகம் செலவாகிவிட்டது" என்பதில் அது ஆற்றலைக் குறிக்கின்றது. மின்கட்டணச் சீட்டிலுள்ள "யூனிட்டு" என்பது மின்னோட்டத்தின் அளவு அன்று. அது ஒரு கிலோவாட்டு மணி, அதாவது 36,00,000 யூல் ஆற்றலாகும். கைவிளக்கில் இடும் சிறிய காரவகை மின்கலம் ஒன்று ஏறத்தாழ 10,000 யூல் ஆற்றலைத் தரவல்லது எனக் கொண்டால், ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 360 மின்கலங்கள் வேண்டும்.

பாடநூல் தமிழிலும் நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு. தமிழ்நாட்டில் ஆற்றல், திறன் எனப்படுபவை இலங்கையில் முறையே சக்தி, வலு எனப்படுகின்றன. தமிழ்நாட்டில் எலக்ட்ரான், மின்விளக்கு எனப்படுபவை இலங்கையில் இலத்திரன், மின்குமிழ் என வழங்குகின்றன. இரு நாட்டு நூல்களையும் பயன்படுத்துவோர் இதனைக் கருத்திற் கொள்ளுதல் நன்று.

வரலாறு

1800 இல் இத்தாலிய அறிவியலாளர் அலெசாண்டிரோ வோல்ட்டா தம் மின்னடுக்கை அறிவித்தபின், தொடர்ச்சியான மின்னோட்டத்தைப் பெறுவது இயன்றது. 1820 இல் ஆன்சு கிறித்தியன் ஏர்சுடெட்டு, மின்னோட்டம் பாயும் கம்பியின் அருகே காந்த ஊசி விலகுவதைக் கண்டறிந்தார். 1827 இல் கியார்கு ஓம் மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை ஆகியவற்றின் தொடர்பை வெளியிட்டார். 1831 இல் மைக்கேல் பரடே மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தார். 1840களில் சேம்சு பிரெசுகாட்டு யூல், மின்னோட்டத்தால் உண்டாகும் வெப்பத்தையும், இயக்கம் வெப்பமாக மாறுவதையும் அளந்தார். ஆற்றல் அழிவதில்லை, வடிவம் மட்டுமே மாறுகின்றது என்னும் கருத்து நிலைபெற இவ்வளவீடுகள் துணைபுரிந்தன.

1957 இல் சோவியத் ஒன்றியம் இசுப்புட்னிக்கை ஏவியதைத் தொடர்ந்து அமெரிக்காவில் அறிவியற் கல்விச் சீர்திருத்தம் விரைவு பெற்றது. 1960களில் மாசச்சூசெட்சில் உருவான தொடக்கநிலை அறிவியல் பாடத் திட்டம் ஒன்றில், மின்கலங்களையும் குமிழ்களையும் மாணவர் கையில் கொடுத்துத் தாமே ஆராயச் செய்யும் தனி அலகு இடம்பெற்றது. இன்றைய பல பாடங்களின் அமைப்பிற்கு இவ்வலகு முன்மாதிரி ஆகும்.

கற்பிக்கும் படிமுறை

ஒரு கலம், ஒரு கம்பி, ஒரு குமிழ்

முதற் பாடத்தில் குமிழ்தாங்கியோ கலப்பெட்டியோ தரப்படுவதில்லை. தாங்கி, குமிழின் இரு தொடுமுனைகளை மறைத்துவிடும். மாணவர் தாம் முயன்ற ஒவ்வோர் அமைப்பையும் வரைந்து, ஒளிர்ந்தது, ஒளிரவில்லை என இரு தொகுதிகளாகப் பிரிக்கின்றனர். குமிழை ஒளிரச் செய்யும் அமைப்புகள் நான்கு உள்ளன. குமிழின் அடிமுனையோ பக்கவாட்டு உலோகமோ, கலத்தின் நேர்முனையையோ எதிர்முனையையோ நேரடியாகத் தொட, எஞ்சிய இரு இடங்களையும் கம்பி இணைக்கின்றது. குமிழிலும் கலத்திலும் இரண்டிரண்டு இடங்கள் தொடப்பட வேண்டும் என்னும் முடிவை மாணவர் தாமே அடைகின்றனர்.

கடத்திகளும் ஆளியும்

சுற்றில் ஓர் இடைவெளி விட்டு, ஆணி, நாணயம், அழிப்பான், பென்சிலின் காரீயக்கோல், மரக்குச்சி, பிளாத்திக்கு அளவுகோல் ஆகியவற்றை ஒவ்வொன்றாக அங்கு வைத்துச் சோதிக்கலாம். காரீயக்கோல் எனப்படுவது உலோகம் அன்று. அதிலுள்ள கிராபைட்டு மின்னைக் கடத்தும். ஆயினும் குமிழ் மங்கலாக ஒளிரலாம். கடத்தி, கடத்தாப் பொருள் என்னும் பிரிவு எப்போதும் கறுப்பு வெள்ளையாக இராது என்பதை இது காட்டுகின்றது. இவ்விடைவெளியைத் திறக்கவும் மூடவும் வல்ல அமைப்பே ஆளி ஆகும். ஆளியைக் குமிழுக்கு முன்னே வைத்தாலும் பின்னே வைத்தாலும் குமிழ் அணையும் என்பதை மாணவர் முதலில் கணித்துப் பின்னர் சோதிக்க வேண்டும்.

மின்னோட்டம் தேய்கின்றதா?

தேய்வு மாதிரியை நேரடியாகச் சோதிக்கும் பாடம் இது. இரு குமிழ்களைத் தொடராக இணைத்தால் எது கூடுதலாக ஒளிரும் எனக் கேட்டால், பலர் "முதற் குமிழ்" என்பர். ஒரே வகையான குமிழ்களாயின் இரண்டும் சமமாக, ஆனால் தனிக் குமிழைவிட மங்கலாக ஒளிரும். ஒரே குறிப்புடைய குமிழ்களிலும் உற்பத்தி வேறுபாட்டால் ஒன்று சற்றுக் கூடுதலாக ஒளிரக்கூடும். அது தற்செயலாக முதலிடத்தில் அமைந்தால், தவறான கருத்து உறுதிப்பட்டுவிடும். எனவே குமிழ்களை ஆசிரியர் முன்னரே சோதித்துத் தெரிவு செய்வர். வேறுபாடு தோன்றினால், குமிழ்களை இடம் மாற்றி இணைக்கச் செய்ய வேண்டும். முன்பு கூடுதலாக ஒளிர்ந்த குமிழே, இடம் மாறிய பின்னரும் கூடுதலாக ஒளிரும். ஆகவே காரணம் குமிழில் உள்ளது, வரிசையில் இல்லை என்பது தெளிவாகும்.

அம்மீட்டர் இருப்பின் குமிழுக்கு இரு பக்கமும் அதனை இணைத்து அளவுகளை ஒப்பிடலாம். இல்லையெனில் திசைகாட்டியைக் கம்பியின் அடியில் வைக்கலாம். குமிழுக்கு முன்னும் பின்னும் ஊசியின் விலகல் சமமாக இருக்கும்.

தொடரும் பக்கமும்

இரு குமிழ்களைப் பக்கமாக (இணையாக) இணைத்தால், ஒவ்வொன்றும் ஏறத்தாழத் தனிக் குமிழின் அளவிற்கு ஒளிரும். ஒன்றைக் கழற்றினாலும் மற்றது அணையாது. வீட்டு மின்கருவிகள் இவ்வாறே இணைக்கப்பட்டுள்ளன. "அப்படியாயின் கூடுதல் ஒளி இலவசமாகக் கிடைக்கின்றதா?" என்னும் வினா இங்கு பயனுள்ளது. மின்கலம் இப்போது இரு மடங்கு வேகத்தில் ஆற்றலை அளிப்பதால் விரைவில் தீர்ந்துபோகும்.

ஆற்றல் சங்கிலி

சுற்றின் இயல்பை அறிந்தபின் ஆற்றலின் பாதையை வரையும் பயிற்சி தரப்படுகின்றது. மோட்டார் இணைந்த சுற்றில் கலத்தின் வேதி ஆற்றல், மின்னோட்டத்தால் கடத்தப்படும் ஆற்றல், விசிறி இதழின் இயக்க ஆற்றல், காற்றின் இயக்கம், இறுதியில் சுற்றுப்புறத்தின் சிறு வெப்ப உயர்வு எனச் சங்கிலி நீள்கின்றது. "ஆற்றல் முடிந்துவிட்டது" என்பதற்கு மாறாக "ஆற்றல் அறையெங்கும் பரவிவிட்டது" என்று கூறும் நிலைக்கு மாணவர் வரவேண்டும்.

இதற்குக் கைச்சுழற்றி மின்னாக்கி மிகச் சிறந்த கருவியாகும். குமிழ் இணைக்கப்படாதபோது கைப்பிடி எளிதாகச் சுழலும். குமிழை இணைத்தவுடன் சுழற்றுவது கடினமாகும். இரண்டாவது குமிழைப் பக்கமாக இணைத்தால் இன்னும் கடினமாகும். ஒளிக்குரிய ஆற்றல் எங்கிருந்து வருகின்றது என்பதைக் குழந்தையின் கையே உணர்கின்றது.

ஒப்புமைகள்

- கயிற்று வளையம்: மாணவர் வட்டமாக நின்று நீண்ட கயிற்று வளையத்தைத் தளர்வாகப் பிடிக்கின்றனர். ஆசிரியர் (மின்கலம்) கயிற்றை இழுத்துச் சுழற்றுகின்றார். ஒரு மாணவர் (குமிழ்) சற்று இறுகப் பிடிக்கின்றார். கயிறு எல்லா இடங்களிலும் ஒரே நேரத்தில், ஒரே வேகத்தில் நகர்கின்றது. அது தீர்ந்துபோவதில்லை. ஆனால் இறுகப் பிடித்தவரின் கை சூடாகின்றது, ஆசிரியருக்குக் களைப்பு உண்டாகின்றது. தொடக்க வகுப்பிற்கு இது மிகப் பொருத்தமானது. பக்கச் சுற்றுகளை விளக்க இது உதவாது.
- மிதிவண்டிச் சங்கிலி: மிதிப்பவரின் ஆற்றல் பின்சக்கரத்திற்குச் செல்கின்றது, சங்கிலியோ சுற்றி வருகின்றது. சங்கிலி அறுந்தால் இயக்கம் நின்றுவிடும்.
- நீர்ச் சுற்று: இறைப்பி நீரைக் குழாய்களில் சுற்றச் செய்கின்றது. எனினும் குழாய் உடைந்தால் நீர் வெளியே கொட்டும். கம்பி அறுந்தால் மின்னோட்டம் அவ்வாறு கொட்டுவதில்லை.
- சுமை வண்டிகள்: வண்டிகள் கிடங்கில் சுமை ஏற்றிக் கடையில் இறக்கித் திரும்புகின்றன. மின்னோட்டத்தையும் ஆற்றலையும் பிரித்துக் காட்ட இது உதவும். ஆனால் முதல் வண்டி வந்து சேரும்வரை குமிழ் காத்திருக்கும் என்னும் பிழையான எண்ணத்தை உண்டாக்கக்கூடும்.

எந்த ஒப்புமையும் முழுமையானதன்று. உயர்நிலை இயற்பியலில், ஆற்றல் கம்பியைச் சூழ்ந்துள்ள மின்காந்தப் புலத்தின் வழியே செல்வதாக விளக்கப்படுகின்றது. இதனை 1884 இல் சான் என்றி பாயிண்டிங்கு கணித முறையில் நிறுவினார். ஆகவே ஒப்புமையைக் கையாண்டபின் "இது எவ்விடத்தில் பொருந்தவில்லை?" என மாணவரிடம் கேட்பது பரிந்துரைக்கப்படுகின்றது.

மதிப்பிடல்

மின்சுற்றின் பாகங்களைப் பெயரிடச் செய்யும் வினாக்களால் மாணவரின் புரிதலை அறிய இயலாது. கணித்தல், சோதித்தல், விளக்குதல் என்னும் வரிசையில் அமைந்த வினாக்களே பயன் தருகின்றன. எடுத்துக்காட்டாக, அணைந்துள்ள சுற்றொன்றைக் கொடுத்துப் பழுதைக் கண்டறியச் செய்யலாம். பெட்டி திறந்தால் ஒலிக்கும் எச்சரிக்கை மணி, அட்டை வீட்டிற்கு விளக்கு போன்ற கருவிகளை வடிவமைத்து, சோதித்து, திருத்தச் செய்வதும் வழக்கம்.

பாதுகாப்பு

- வீட்டு மின்செருகியை எவ்வகையிலும் பயன்படுத்தக் கூடாது. இந்தியாவிலும் இலங்கையிலும் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட்டு ஆகும். அது உயிரைப் பறிக்க வல்லது. 1.5 வோல்ட்டு கலத்தில் செய்ததை வீட்டுச் செருகியில் செய்து பார்க்கக் கூடாது என்பதை முதற் பாடத்திலேயே வலியுறுத்த வேண்டும்.
- கலத்தின் இரு முனைகளையும் கம்பியால் மட்டும் இணைத்தால் குறுக்குச் சுற்று ஏற்பட்டுக் கம்பியும் கலமும் சூடாகும். கம்பி சூடானால் உடனே விட்டுவிடுமாறு மாணவர்க்கு அறிவுறுத்த வேண்டும்.
- மீள்மின்னேற்றக் கலங்களும் ஊர்தி மின்கலவடுக்குகளும் குறுக்குச் சுற்றில் மிகுந்த மின்னோட்டத்தைத் தருவதால் இவ்வகுப்புகளுக்கு ஏற்றவை அல்ல.
- பொத்தான் கலங்களைக் குழந்தைகள் விழுங்கினால் இரண்டு மணி நேரத்திற்குள் உணவுக்குழாயில் கடும் புண் உண்டாகலாம். அவற்றை எண்ணிக் கொடுத்து எண்ணிப் பெறுதல் வேண்டும்.

இழைக்குமிழுக்கு மாற்றாக ஒளியுமிழ் இருமுனையம் (எல்.ஈ.டி) பயன்படுத்தப்பட்டால், அது ஒரு திசையில் மட்டுமே ஒளிரும் என்பதையும், ஒரே 1.5 வோல்ட்டு கலத்தால் பொதுவாக ஒளிராது என்பதையும் ஆசிரியர் அறிந்திருக்க வேண்டும். சிவப்பு நிற இருமுனையத்திற்கு இரு கலங்களும் ஏறத்தாழ 100 ஓம் மின்தடையமும் போதுமானவை.

பாடத்திட்டங்களில்

அமெரிக்காவில் 2013 இல் வெளியிடப்பட்ட அடுத்த தலைமுறை அறிவியல் தரங்கள், ஒலி, ஒளி, வெப்பம், மின்னோட்டம் ஆகியவற்றால் ஆற்றல் இடம்விட்டு இடம் செல்வதற்குச் சான்று திரட்டுவதை 4 ஆம் வகுப்பிற்கு உரியதாகக் குறிப்பிடுகின்றன. ஆற்றலை ஒரு வடிவிலிருந்து மற்றொன்றாக மாற்றும் கருவியை வடிவமைப்பதும் அவ்வகுப்பிற்கு உரியதே. இங்கிலாந்தின் 2013 தேசியப் பாடத்திட்டத்தில் எளிய தொடர்ச் சுற்று 4 ஆம் ஆண்டிலும், கலங்களின் எண்ணிக்கைக்கும் குமிழின் ஒளிக்கும் உள்ள தொடர்பு 6 ஆம் ஆண்டிலும் இடம்பெற்றன. இந்தியாவில் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழு 2006 இல் வெளியிட்ட 6 ஆம் வகுப்பு அறிவியல் நூலில் மின்சாரமும் மின்சுற்றும் தனிப் பாடமாக அமைந்தன.

இவற்றையும் பார்க்க

- மின்சுற்று
- மின்னோட்டம்
- மின்கலம்
- ஆற்றல் அழியாமை
- ஓமின் விதி
- அறிவியற் கல்வி